பதினேழு வருட இடுப்பு வலி

பத்தூலின் உடம்பில் ஓயாமல் வேலை செய்தும் வலிக்காத இடம் நாக்கு ஒன்றுதான். திங்கட்கிழமை தலை பாரம். செவ்வாய்க்கிழமை முழங்கால். மெக்னெஸ் நகரத்தின் மேல் மேகம் கூடினால் தோள்பட்டை, கொண்டைக்கடலை தின்றால் வாய்வு. இவையெல்லாம் வந்து போகிற விருந்தாளிகள். நிரந்தரமாகக் குடியிருந்தது இடுப்பு வலி.

அந்த வலி வந்த நாள் யாமினாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கு வயது பதினைந்து. தாய் தகப்பன் போன பிறகு அண்ணன் இத்ரீஸ் வீட்டில் இருந்தாள். அண்ணனுக்குச் சந்தையில் ஆலிவ் கடை. பள்ளி திறந்து இரண்டாவது வாரம், புதுப் புத்தகங்களுக்கு நீல அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்து மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்த அண்ணி பத்தூல், கைக்குழந்தையைத் தூக்க முடியவில்லை, மாவு பிசைய முடியவில்லை என்று முனகினாள்.

"என் இடுப்பு சரியாகற வரைக்கும் இவ வீட்டோட இருக்கட்டும்" என்றாள்.

இத்ரீஸ் தலையை ஆட்டினான். நீல அட்டை போட்ட புத்தகங்கள் அலமாரிக்கு மேலே ஏறின. இடுப்பு சரியாகவே இல்லை.

பதினேழு வருடம். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் யாமினாவின் இடுப்பில் வளர்ந்து, மீசை முளைத்து, தான்ஜியருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இதற்கிடையில் அவள் இரண்டு முறை கண்ணால் பார்த்தாள். ஒருமுறை ஃபெஸ் நகரத்துக் கல்யாணத்தில், தெரிந்த முகங்கள் கிளம்பிப் போன பிறகு, பத்தூல் இடுப்பைச் சுழற்றி ஆடினாள். பாட்டுக்காரப் பெண் மூச்சு வாங்கி நின்றும் அவள் நிற்கவில்லை. இன்னொரு முறை மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, முற்றத்தில் பத்தூல் நிறை காஸ் சிலிண்டரை ஒரே தூக்கில் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். யாமினா அண்ணனிடம் சொன்னாள். "அவ வலி அவளுக்குத்தான் தெரியும். பெரியவங்களைப் பத்தி அப்படிப் பேசாதே" என்று சொல்லிவிட்டு இத்ரீஸ் ரொட்டியைக் குழம்பில் தொட்டான்.

கூடப் படித்த ஸிஹாம் கெமிஸெத் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். "நீ வா, உனக்கு ஒரு அறையும் இருபது பிள்ளைகளும் தர்றேன்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாமினா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: அண்ணிக்கு இடுப்பு வலி.

இப்படி இருக்கும்போதுதான் பத்தூலுக்கு நிஜமாகவே ஒரு நோய் வந்தது. பதினேழு வருடம் மெத்தையை விட்டு எழுந்திருக்காததற்கு உடம்பு தன் பங்கைக் கொடுத்தது. மூலம். மருந்து, களிம்பு, தவிட்டு ரொட்டி எதுவும் கேட்கவில்லை. சின்ன அறுவைதான், அரை மணி நேரம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் மட்டும் பத்தூல் வேறு மாதிரி சொல்லிவைத்தாள்: "என் இடுப்புக்குத்தான். கடைசியில கத்தி வரைக்கும் கொண்டுவந்து விட்டுடுச்சு."

*

அறுவைக்கு ஒரு வாரம் முன்பு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனார்கள். இளம் பெண். கேள்விகளை மளமளவென்று கேட்டுக் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே போனார். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, ஆடுகிற பல் உண்டா. மேல் வரிசையில் நான்கு பல் கழற்றி மாட்டுவது என்று பத்தூல் வாயை மூடிக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

"முழுசா மயக்கம் கொடுத்துடுவீங்களா, டாக்டர்?" என்று கேட்டாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அந்தப் பயத்தின் காரணம் யாமினாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு லல்லா ரகீயா (பெரிய பெண்கள் எல்லாரும் அங்கே மரியாதைக்கு லல்லாதான்) போன வருடம் முழு மயக்கத்தில் பித்தப்பை அறுவை செய்துகொண்டாள். தெளியும்போது, மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் மாமியார் முன்னால் வரிசையாக ஒப்பித்துவிட்டாள். மாமியார் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

"தேவையில்லம்மா. முதுகுல ஒரு ஊசி போட்டா கீழ்ப்பாதி மட்டும் மரத்துடும். நீங்க முழிச்சிக்கிட்டே இருக்கலாம். முதுகு, இடுப்புல தொந்தரவு ஏதாவது உண்டா?"

பத்தூல் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எதுவும் இல்லை டாக்டர். கல்லு மாதிரி இருக்கு."

பதினேழு வருடத்தைப் பத்தூல் ஒரு கட்டத்துக்குள் குறித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டாள், அதுவும் எவ்வளவு லேசாக. இத்ரீஸ் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாயே திறக்காதவள் என்று பெயர் எடுத்த யாமினா வாயைத் திறந்தாள்.

"டாக்டர், எங்க அண்ணி வெட்கப்படறாங்க. இவங்களுக்குப் பதினேழு வருஷமா இடுப்பு வலி. தண்ணி நிறைஞ்ச கெட்டிலைக்கூடத் தூக்க மாட்டாங்க. குனிய மாட்டாங்க. இவங்க இடுப்புக்காகத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அண்ணனைக் கேளுங்க."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். இத்ரீஸைப் பார்த்தார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா டாக்டர். ரொம்பக் காலமா இருக்கு" என்றான்.

"அப்படின்னா முதுகுல ஊசி போடறது எனக்குச் சரியாப் படலை. முழு மயக்கமே கொடுத்துடலாம்" என்று டாக்டர் முந்தைய குறிப்பை அடித்துவிட்டு எழுதினார். "இதையெல்லாம் மறைக்கக் கூடாதும்மா."

பத்தூல் மெதுவாகத் தலையைத் திருப்பி யாமினாவைப் பார்த்தாள். கல்லு மாதிரி இருக்கிறது என்று மறுபடி சொன்னால் புருஷன் கேட்டுக்கொண்டிருக்கிறான். சொல்லாவிட்டால் முழு மயக்கம். அந்தப் பார்வையை யாமினா முகத்தில் வாங்கிக்கொண்டாள். வெயில் காயும்போது இதமாக உள்ளே இறங்குகிற சூடு மாதிரி இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் பிரெஞ்சு மொழியில் இருந்தது. பத்தூலுக்கு எழுத்தே தெரியாது. இத்ரீஸுக்குக் கடைப்பலகை அளவுக்கு அரபு தெரியும். வீட்டில் அந்தத் தாளைப் படிக்கக்கூடியவள், பதினைந்து வயதில் நிறுத்தப்பட்டவள் ஒருத்திதான்.

"படி" என்றாள் பத்தூல்.

யாமினா நிதானமாகப் படித்தாள். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் தின்னக் கூடாது. காலையில் தண்ணீரும் கூடாது. மோதிரம், காதணி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். கண்ணில் சுர்மா கூடாது. விரல் நுனியில் மருதாணி கூடாது. பல் செட்டைக் கழற்றிவிட வேண்டும். அறுவைக்குப் பிறகு, ஒவ்வொரு முறை வெளிக்குப் போனதும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார வேண்டும்.

அங்கே தாள் முடிந்தது. யாமினா முடிக்கவில்லை.

"அறுவைக்கு முன்னால ஒரு வாரம் புதினா டீ கூடாது."

"டீயா? டீ என்ன பண்ணுச்சு?"

"போட்டிருக்கு. சர்க்கரை போட்டாலும் கூடாது, போடலைன்னாலும் கூடாது. தலையணை வச்சுப் படுக்கக் கூடாது. மெத்தையில ஒரு மணி நேரத்துக்கு மேல சேர்ந்தாப்ல உட்காரக் கூடாது. முற்றத்துல நடக்கணும், காலையில நாற்பது சுத்து, சாயந்திரம் நாற்பது சுத்து."

"என் இடுப்போட எப்படி நடக்கறது?"

"இடுப்பைப் பத்தி ஒண்ணும் போடலை லல்லா. நீங்கதான் டாக்டர்கிட்ட கல்லு மாதிரின்னு சொன்னீங்களே."

பத்தூல் நடந்தாள். எலுமிச்சை மரத்தைச் சுற்றி, செருப்பு தேய, நாற்பது சுற்று. யாமினா படியில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிக் கோப்பையில் டீயை மேலே உயர்த்தி நுரை வர ஊற்றினாள். புதினா வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. மூன்றாவது நாள் முப்பத்தொன்றாவது சுற்றில் பத்தூல் நின்று, "நீ எண்ணறது சரியில்லை, இது நாற்பத்தஞ்சு" என்றாள். "படிச்சவ எண்ணறேன், நடங்க" என்றாள் யாமினா.

*

திங்கட்கிழமை அறுவை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பத்தூல் தெருப் பெண்களைக் கூஸ்கூஸ் விருந்துக்கு அழைத்தாள். கத்திக்குக் கீழே படுக்கப் போகிறவர்கள் போகும் முன் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போட்டு மன்னிப்புக் கேட்டுவிடுவது வழக்கம். சின்ன அறுவையோ பெரிய அறுவையோ, கேட்காமல் போகிறவர் கிடையாது. கேட்கப்பட்டவர் மன்னித்தேன் என்று சொல்லிவிட வேண்டும். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷர் மன்னித்தால்தான் உண்டு, அதை மேலே இருக்கிறவன் தன் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சொல்லமாட்டேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கோதுமை ரவையை மூன்று முறை ஆவியில் அவித்தது யாமினா. ஏழு காய் நறுக்கியதும் யாமினா. அது போக இன்னொரு வேலையும் செய்திருந்தாள். உட்காருவதற்கு வாங்கிய பச்சை பிளாஸ்டிக் தொட்டியையும், நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையத்தையும் நன்றாகக் கழுவி, துடைத்து, கூடத்தில் வெள்ளித் தட்டுகள் அடுக்கிய அலமாரியில் எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்திவைத்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. லல்லா ரகீயா மட்டும் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, "இடுப்பு ரொம்பக் கீழே இறங்கிடுச்சு போலிருக்கு" என்று பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னாள். அது எல்லார் காதிலும் விழுந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவ யாமினா தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். பத்தூல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ரகீயா, தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசை நோகடிச்சிருந்தா மன்னிச்சுடு."

"மன்னிச்சுட்டேன் கண்ணு. அல்லா உன்னை நல்லபடியா எழுப்பட்டும்."

அடுத்தவள், அதற்கடுத்தவள். ஒவ்வொருத்தியும் மன்னித்தாள், முத்தம் கொடுத்தாள். வட்டம் சுற்றி வந்து தண்ணீர்க் கெண்டியோடு நின்றவளிடம் முடிந்தது. பத்தூல் அவளைப் பார்க்காமலே, உப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நீயும் மன்னிச்சுடு யாமினா."

"எதுக்கு லல்லா?"

எதற்கு என்று கேட்பது வழக்கத்தில் இல்லை.

"எதுக்குன்னா, எல்லாத்துக்கும்தான். கூட இருந்தா ஏதாவது நடந்திருக்கும்ல."

"நடந்தது என்னன்னு சொன்னா மன்னிக்கறதா வேண்டாமான்னு பார்க்கலாம். சொல்லாம கேட்டா எதை மன்னிக்கறது?"

"அடியே, கத்திக்குப் போறவகிட்ட இப்படியா பேசுவே" என்றாள் ஒருத்தி. "ஒரு வார்த்தைதானே, சொல்லிடும்மா" என்றாள் இன்னொருத்தி.

"ஒரு வார்த்தைதான். அதனாலதான் சும்மா தரலை" என்றாள் யாமினா. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று, தான் சொன்னதை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்து ரசித்தாள்.

எல்லாரும் போன பிறகு பத்தூல் அடுப்படிக்கே வந்தாள். அவள் அந்த வாசற்படியைத் தாண்டி எத்தனையோ காலம் ஆயிற்று.

"உனக்கு என்ன வேணும்?"

"திங்கட்கிழமை அந்த டாக்டர் மறுபடியும் கேட்பாங்க. அண்ணன் முன்னாடி நிஜத்தைச் சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்."

"அவர் என்னை என்ன நினைப்பாரு?"

"அது எனக்குத் தெரியாது லல்லா. என்னை இந்தத் தெரு பதினேழு வருஷமா என்ன நினைச்சுதோ, அந்த மாதிரி ஏதாவது நினைப்பாரு."

"செத்துப்போயிட்டா? மன்னிப்பு வாங்காம?"

"அரை மணி நேர ஆபரேஷன்ல யாரும் சாகறதில்லை. மயக்கம் தெளியறப்ப வாய் மட்டும்தான் திறந்துக்கும். ரகீயா லல்லாவுக்கு நடந்த மாதிரி."

*

திங்கட்கிழமை விடிந்ததும் யாமினா இரண்டு பை கட்டினாள். ஒன்றில் துண்டு, களிம்பு, ரப்பர் வளையம், பச்சைத் தொட்டி. இன்னொன்றை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டும் பத்தூலுடையது என்று இத்ரீஸ் நினைத்தான்.

ஆஸ்பத்திரியில் பத்தூலின் வளையல்களை நர்ஸ் சோப்பு தடவிக் கழற்றினாள். பல் ஒரு காகிதக் கோப்பைக்குப் போனது. பின்னால் நாடா கட்டிய நீல அங்கி, தலையில் காகிதத் தொப்பி. வீட்டையே மெத்தையிலிருந்து ஆண்டவள் இப்போது ஒரு நாற்காலியின் ஓரத்தில், வலிக்காத பக்கமாக ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் உள்ளே விழுந்து பத்து வயது கூடியிருந்தது. யாமினா இரக்கம் வருகிறதா என்று தன்னைத்தானே தேடிப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. அதை ஓரமாக வைத்தாள்.

மயக்க மருந்து டாக்டர் கையில் தாளோடு வந்தார். இத்ரீஸ் எழுந்து நின்றான்.

"முழு மயக்கம். இடுப்பு வலி, பதினேழு வருஷம். சரிதானே?"

பத்தூல் யாமினாவைப் பார்த்தாள். யாமினா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள் பத்தூல்.

"என்ன இல்லை?"

"வலி இல்லை டாக்டர். எனக்கு முதுகுலயே ஊசி போடுங்க."

"போன வாரம் இவங்க ரெண்டு பேருமே இருக்குன்னாங்களே. எப்போ இல்லாம போச்சு?"

பத்தூல் பல் இல்லாத வாயை ஒருமுறை மூடித் திறந்தாள். "எப்பவுமே இல்லை."

டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. "எழுந்திருங்க. முட்டியை மடக்காம குனியுங்க, பார்ப்போம்."

பத்தூல் எழுந்தாள். அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தயங்கித் தயங்கி இல்லை. கல்யாண வீட்டில் ஆடியவளின் இடுப்பு அது, தானாகவே மடிந்தது. விரல் நுனி தரையைத் தொட்டது. மருதாணி இல்லாத வெளிறிய விரல் நுனி. டாக்டர் முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. இருபது வயசுப் பொண்ணு முதுகு" என்று சொல்லித் தாளில் அடித்து எழுதினார். "வீட்ல நல்லா வேலை செய்வீங்க போல."

இத்ரீஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

தள்ளுவண்டி வந்தது. படுக்க வைத்து, போர்வை போர்த்தி, வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே பத்தூல் கையை நீட்டி யாமினாவின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"சொல்லிட்டேன். குனிஞ்சும் காட்டிட்டேன். நீ சொல்லு இப்ப."

யாமினா அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மரியாதையாகத்தான் எடுத்தாள்.

"அப்புறம் பார்க்கலாம்னுதானே சொன்னேன் லல்லா. என் மனசு சரியாகற வரைக்கும் பொறுத்துக்குங்க."

கதவு மூடிக்கொண்டது.

*

நீள பெஞ்சில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்தார்கள். நடுவில் பை. இத்ரீஸ் கத்துவான், அல்லது அழுவான், அல்லது அவள் தலையில் கை வைத்து ஐயோ உன் படிப்பு என்பான். பதினேழு வருடமாக அவள் மனசுக்குள் இந்த இடம் மட்டும் விதவிதமாக ஓடியிருக்கிறது. அவன் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அவ இடுப்பு. சின்னவன் பிறந்த வருஷம். கடைச் சாவியை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். நீ குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருந்தே. அவ மெத்தை எல்லாத்தையும் தனியாத் தூக்கி மாடியில காயப் போட்டுக்கிட்டிருந்தா. பார்த்தேன். உள்ளே வராமலே போயிட்டேன்."

"சாவி?"

"அன்னிக்குக் கடை திறக்கலை."

யாமினா அவன் முகத்தைப் பார்த்தாள். பதினேழு வருடத்துக்கு முந்தைய ஒரு பகல் முழுக்க, பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருந்தாலும் இருந்திருப்பானே தவிர, அந்தப் படி ஏறி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டான். அவள் இத்தனை நாள் ஒரே ஆள் மேல் வைத்திருந்த கோபம் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தது.

"ஏன் கேட்கலை அண்ணா?"

"வீடு பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. சண்டை இல்லை. பிள்ளைங்க உன்கிட்ட ஒட்டிக்கிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "உன் சமையலும் நல்லா இருந்துச்சு" என்றான். பிறகு வழக்கப்படி அவள் தோளைத் தொட்டான். "என்னையும் மன்னிச்சுடும்மா."

"உங்களுக்கு எப்போ ஆபரேஷன்?" என்று கேட்டாள் யாமினா.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் பையைத் திறந்து பச்சைத் தொட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அதன் மேல் களிம்பு, துண்டு, ரப்பர் வளையம். தாளை விரித்து முதல் வரியிலிருந்து அரபில் சொன்னாள், அவனுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி. வெளிக்குப் போன ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். கால் மணி நேரம் உட்கார வைத்து, ஒத்தி எடுத்து, களிம்பு போட வேண்டும். இரண்டு வாரம். இந்த முறை எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. இருந்ததே போதுமானதாக இருந்தது.

"இதை நான் எப்படி..." என்றான் இத்ரீஸ். "நீ எங்கே போறே?"

"கெமிஸெத். ஸிஹாம் பள்ளிக்கூடம். மத்தியானத்துக்குள்ள போயிடுவேன். பிள்ளைங்க நாலு மணி வரைக்கும் இருப்பாங்க."

"அவ இடுப்பு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

கதவு திறந்தது. நர்ஸ் முகமூடியைக் கீழே இறக்கினாள். "முடிஞ்சுது. நல்லபடியா இருக்காங்க. ஆனா உள்ளே ஒரே அழுகை, யாமினா யாமினான்னு. இங்கே பார்த்துக்கப் போறது யாரு? எப்படிக் கழுவி விடறதுன்னு சொல்லித் தரணும்."

இத்ரீஸ் தங்கையைப் பார்த்தான். மடியில் பச்சைத் தொட்டி.

யாமினா இன்னொரு பையைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டாள்.

"இவர்தான்" என்றாள். "கொஞ்சம் நிதானமாச் சொல்லிக் குடுங்க. இதுவரைக்கும் எதையும் தூக்கினதில்லை."